பெட்டி வேறு, மெடல் வேறு

"டீச்சர், இந்தத் தடவை நான் ஏமாறல" என்றார் பழநியாண்டி.

சொல்லிவிட்டு மேசைமேல் ஒரு கடிதத்தை வைத்தார். ஜப்பானிய மொழியில் இருந்தது.

லோகநாயகி டீச்சர் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். பிறை என்ற ஊரில் ஒரு ஜப்பான்காரர் தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர்; இப்போது ஜப்பானிய மொழி சொல்லித்தருகிறார். ஈப்போவில் ஜப்பானிய மெடல் சேர்க்கிற நாலைந்து பேருக்கு அவர்தான் கண்.

பழநியாண்டி ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு மெடல் சேர்க்கத் தொடங்கினார்.

எட்டு வருடத்தில் வெளிநாட்டிலிருந்து வாங்கிப் பதினொரு முறை ஏமாந்திருந்தார். படத்தில் ஒன்று இருக்கும், பார்சலில் இன்னொன்று வரும். ஒருமுறை வந்த ரிப்பன் புத்தம் புதுசு. தேத்தண்ணியில் ஊறவைத்துப் பழசாக்கியிருந்தார்கள்.

ஒவ்வொரு முறையும் டீச்சர் பார்ப்பார். பெட்டியை மூடி, அவர் பக்கம் நகர்த்துவார்.

அந்த நகர்த்தலைத் தாங்க முடியாமல்தான், பன்னிரண்டாவதை அவர் இங்கே கொண்டுவரவே இல்லை.

அது மிட்சுயே என்ற கிழவி விற்றது. ஜப்பானில் ஏதோ சின்ன ஊர். அப்பா போருக்குப் போய் வாங்கிய மெடல் என்று எழுதியிருந்தாள்.

பார்சல் வந்த அன்றே பழநியாண்டி பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பெட்டி வேறு மெடலுக்கானது. ரிப்பன் கையால் தைத்தது. விளிம்பில் அரம் தேய்த்த தடம். போலி என்று முடிவு கட்டப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

திருப்பி அனுப்பினார். கூடவே ஒரு கடிதமும். உங்கள் அப்பா பெயரைச் சொல்லிப் போலியை விற்காதீர்கள் என்று கைப்பேசியில் மொழிபெயர்த்து எழுதினார். விற்பனைப் பக்கத்திலும் எல்லாரும் பார்க்கும்படி ஏமாற்றுக்காரி என்று போட்டார்.

மிட்சுயே பணத்தை உடனே திருப்பிவிட்டாள். பிறகு இந்தக் கடிதம் வந்தது.

"மன்னிப்புக் கேட்டிருப்பா. படிங்க, டீச்சர்."

டீச்சர் முதலில் தனக்குள் படித்தார். முடித்ததும் மறுபடி மேலிருந்து படித்தார்.

பிறகு சொல்லத் தொடங்கினார்.

பெட்டி வெள்ளத்தில் போய்விட்டதாம். இப்போதிருக்கும் பெட்டி சந்தையில் வாங்கியதாம். ரிப்பன் செல்லரித்துப்போய், அம்மா தன் பழைய உடுப்பில் கிழித்துத் தைத்ததாம். விளிம்பு ஏன் தேய்ந்திருக்கிறது என்று தெரியாதாம்.



டீச்சர் கடைசி வரிகளை மட்டும் அப்படியே தமிழில் சொன்னார்.

"நான் அம்மா வயிற்றில் இருக்கும்போது அப்பா போனார். எனக்கு நாலு வயதில் திரும்பி வந்தார். எங்கே இருந்தார் என்று அவர் சொன்னதில்லை. மெடலைத்தான் காட்டுவார். நீங்கள் விவரம் அறிந்தவர். மெடல் பொய் என்றால், அந்த நாலு வருஷம் என் அப்பா எங்கே இருந்தார்?"

வெளியே மழை பிடித்துக்கொண்டது. டீச்சர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

"உண்மையான மெடல்தான்னு எழுதிடுங்க, டீச்சர்" என்றார் பழநியாண்டி.

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

டீச்சர் பேனாவைத் தொடவில்லை.

பழநியாண்டி சொன்னார்: "சரியாப் பார்க்கல."

"அதை எழுதவா?"

"எழுதுங்க."

எழுதினார். அவசரத்தில் சொல்லிவிட்டேன், மறுபடி அனுப்பினால் டீச்சரிடம் காட்டி ஒழுங்காகப் பார்க்கிறேன் என்று. பழநியாண்டி தமிழில் கையெழுத்துப் போட்டார்.

அன்றே விற்பனைப் பக்கத்தில் எழுதியதை அழிக்கப் பார்த்தார். முடியவில்லை. மிட்சுயே தன் கணக்கை மூடியிருந்தாள். அவர் எழுதிய வரி மட்டும் அங்கே இருந்தது.

ஏழு வாரம் கழித்து, அவர் போட்ட கடிதம் அவரிடமே வந்தது. பிரிக்கவில்லை. உறைமேல் சிவப்பு முத்திரை.

டீச்சரிடம் எடுத்துப்போனார்.

"இந்த விலாசத்தில் விசாரித்தோம், ஆள் இல்லை" என்று படித்தார் டீச்சர்.

"வீடு மாறியிருப்பாங்களோ?"

"தெரியல, அண்ணே. இவ்வளவுதான் போட்டிருக்கு."

பழநியாண்டி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.  எட்டு வருடமாக அந்த மேசையில் கேட்ட கேள்வியைத்தான் அன்றும் கேட்டார்.

"அந்த மெடல் உண்மையானதா இருக்குமா, டீச்சர்?"

"அந்தம்மா கேட்டது அது இல்லையே, அண்ணே."