அலகி கட்டிய சுவர்

ஒரு காட்டில் மழை பொய்த்துப்போன ஆண்டு அது. அத்தி மரங்கள் இலையெல்லாம் உதிர்ந்து வெறும் கிளையாக நின்றன. ஓடையில் தண்ணீர் இல்லை, கல்தான் கிடந்தது. அந்தக் காட்டின் நடுவே ஓர் உயரமான குங்கிலிய மரம். அதன் பொந்தில் ஓர் இருவாச்சிக் குடும்பம் வாழ்ந்து வந்தது.

இருவாச்சியை உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள், குழந்தைகளே. அது பெரிய பறவை. நீளமான மஞ்சள் அலகு, அதன்மேல் தொப்பி வைத்தது போல ஒரு புடைப்பு. அது குஞ்சு பொரிக்கும் விதமே தனி. பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மண்ணையும் எச்சத்தையும் குழைத்து வாசலைச் சுவர் வைத்து அடைத்துவிடும். புளியங்காய் நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் இருக்கும். ஆண் பறவை பழம் பறித்து வந்து அந்தக் கீறல் வழியாக ஊட்டும்.

எச்சத்தில் சுவரா என்று மூக்கைப் பொத்தாதீர்கள். காய்ந்துவிட்டால் சுத்தியலால் அடித்தாலும் அது லேசில் பெயராது.

அந்தப் பொந்துக்குள் அம்மாவோடு ஒரே ஒரு குஞ்சு இருந்தது. உடம்பைவிட அலகு பெரிதாக இருந்ததால் அதற்கு அலகி என்று பெயர் வைத்திருந்தார்கள். இறகு இன்னும் சரியாக முளைக்கவில்லை. ஆனால் வாய் நன்றாக முளைத்திருந்தது. "ஏன்? எதுக்கு? எப்படி?" என்று கேட்டுக் கேட்டு அம்மாவைத் துளைத்தெடுக்கும்.

ஒருநாள் அப்பா இருவாச்சி காலையில் போனது, உச்சிப்பொழுது நெருங்கும்போதுதான் திரும்பியது. அலகில் மூன்றே மூன்று அத்திப்பழங்கள். அவையும் அரைகுறையாகப் பழுத்தவை.

"நாலு மலை தாண்டிப் போனேன். இவ்வளவுதான் கிடைச்சுது" என்றது அப்பா. மூச்சு வாங்கியது.

"நீங்க சாப்பிட்டீங்களா?" என்று உள்ளிருந்து கேட்டது அம்மா.

"அங்கேயே சாப்பிட்டாச்சு."

அது பொய். துருத்திக்கொண்டிருந்த நெஞ்செலும்பே காட்டிக் கொடுத்தது.

அம்மா கீறல் வழியாக அந்த எலும்பைப் பார்த்தது. பிறகு சொன்னது: "ஒருத்தரே தேடினா மூணு உயிரும் பிழைக்காது. நானும் வெளியே வரணும். ஆனா நான் வரணும்னா சுவரை உடைக்கணும். உடைச்சா இவளை யார் காப்பாத்துறது? மறுபடி நான் வெளியிலிருந்து பூசி முடிக்கிறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும்."

அப்பாவுக்கும் வழி தெரியவில்லை. கிளையைப் பார்த்தபடி நின்றது.

"நீ உடைச்சிட்டுப் போம்மா. சுவரை நான் கட்டிக்கிறேன்" என்றது அலகி.

"நீயா? உனக்கு இன்னும் ஒழுங்கா நிக்கவே வரலையேடி!"

"நிக்கிறதுக்குக் கால் வேணும். பூசுறதுக்கு அலகுதானே வேணும்? அது எனக்குத் தேவைக்கு மேலேயே இருக்கு. நீ விரிசல் பூசுறப்பல்லாம் நான் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்?"

பக்கத்துக் கிளையில் ஒரு மலையணில் குடியிருந்தது. ஊர் வம்பு அத்தனையும் அதற்கு அத்துப்படி. வாலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது.

"ஐயையோ! காலம் கெட்டுக் கிடக்குற நேரத்துல பச்சைப்பிள்ளையைத் தனியா விட்டுட்டு ரெண்டு பேரும் கிளம்புறதா? எங்க வீட்டுல எல்லாம் இந்தப் பழக்கமே கிடையாதும்மா!"

"காலம் நல்லா இருந்தா அம்மா ஏன் போகப்போறாங்க, அத்தை?" என்றது அலகி.

மலையணில் வாலைச் சுருட்டிக்கொண்டு தன் கிளைக்குத் திரும்பியது.

அம்மா சுவரை இடித்தது. அலகி வற்புறுத்தியதால் ஒரு பழத்தைத் தின்றது. அலகிக்கு ஒன்றை ஊட்டியது. மிச்சமிருந்த ஒன்றைப் பொந்துக்குள் வைத்தது. "பசிச்சா சாப்பிடு. சாயங்காலத்துக்குள்ள வந்துடுவோம்" என்று சொல்லிவிட்டு அப்பாவோடு பறந்தது. மூன்று முறை திரும்பிப் பார்த்தது.

அலகி வேலையைத் தொடங்கியது. உடைந்த சுவரின் கட்டிகள் உள்ளே விழுந்து கிடந்தன. அவற்றை நொறுக்கி, பொந்தின் அடியில் கிடந்த மரத்தூளையும் விதைகளையும் சேர்த்து வாசலில் வைத்துப் பார்த்தது. பொலபொலவென்று உதிர்ந்தது. இன்னும் கொஞ்சம் எச்சம் சேர்த்தது. அதுவும் உதிர்ந்தது. ஈரம் போதவில்லை. காட்டிலேயே ஈரம் இல்லாதபோது பொந்துக்குள் எங்கிருந்து வரும்?

அலகியின் பார்வை அந்த ஒற்றைப் பழத்தின்மேல் விழுந்தது. வயிறு கபகபவென்று எரிந்தது. பழத்தைத் தின்றால் சுவர் இல்லை. சுவரைக் கட்டினால் சாயங்காலம்வரை சோறு இல்லை. அலகி பழத்தை எடுத்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரே மிதியாக மிதித்து நசுக்கியது. சாறும் சதையும் தூளில் இறங்கின. குழைத்து வைத்தது. முதல் வரிசை ஒட்டிக்கொண்டது.

குழந்தைகளே, பசியோடு இருக்கும்போது கையில் இருக்கும் பழத்தை மிதிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நானாக இருந்தால் தின்றிருப்பேன்.

சுவர் பாதி எழும்பியபோது வாசலில் ஒரு தலை தெரிந்தது. உருண்டைக் கண், ஈர மூக்கு. மரநாய்!

பறவைக் குஞ்சு என்றால் மரநாய்க்கு நாக்கில் எச்சில் ஊறும். ஆனால் பாதிச் சுவருக்கு மேலே தலை மட்டும்தான் நுழையும். நுழைத்தால் அந்த அலகு கண்ணைப் பதம் பார்த்துவிடும். சுவரைப் பிறாண்டி இடிக்கலாம். ஆனால் நகம் தேய வேலை செய்வது மரநாய்க்குப் பிடிக்காது. அதற்குப் பிடித்தது பேச்சு. பேசியே காரியத்தை முடித்துக்கொள்ளும்.

அது தொண்டையைச் செருமிக்கொண்டது.

"இருளில் அடைபட்டுக் கிடக்கும் இளந்தளிரே! வருங்காலத்தின் விடிவெள்ளியே! உன் அன்னை சென்றுவிட்டாள். தந்தையும் சென்றுவிட்டார். இனி உன்னை ஏன் என்று கேட்பார் எவருமில்லை. இதுவல்லவோ சுதந்திரம்! இந்தப் பொன்னான வேளையில், உன்னை நீயே சிறை வைத்துக்கொள்கிறாயே, இது தகுமா? முறையா?"

உண்மையைச் சொல்ல வேண்டும். அலகிக்கு ஆசை வந்துவிட்டது. பிறந்தது முதல் அது வானத்தைக் கீறல் வழியாகத்தான் பார்த்திருக்கிறது. இப்போது பாதி வாசல் நிறைய நீலமாகத் தெரிந்தது. எட்டிக் குதித்தால் போதும்.

மரநாய் அதைக் கவனித்துவிட்டது. "உன் வயதுக் கிளிகள் எல்லாம் வானில் வட்டமிடுகின்றன. நீ மட்டும் மண் குழைக்கிறாய். அவ்வளவு பயமா உனக்கு?" என்று குத்திவிட்டது.

பயந்தாங்கொள்ளி என்று சொன்னால் யாருக்குத்தான் சுருக்கென்று இருக்காது? அலகிக்கும் இருந்தது. ஆனால் அது தன் சிறகைத் திரும்பிப் பார்த்தது. இறகுகள் இன்னும் முள் முள்ளாகத்தான் நின்றன.

'இந்தச் சிறகு என்னைத் தூக்காது. இது எனக்குத் தெரியும். இவனுக்கும் தெரியும். அப்புறம் ஏன் இவன் கூப்பிடுறான்?' என்று யோசித்தது. யோசித்ததும் ஆசை அடங்கியது.

ஆனால் சுவர் இன்னும் பாதிதான் இருந்தது.

"ஐயா, இவ்வளவு அருமையா யாரும் என்கிட்ட பேசினதே இல்லை" என்றது அலகி.

மரநாய்க்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அப்படியா?"

"ஆமாங்க. ஆனா ஒரே ஒரு குறை. இவ்வளவு பெரிய பேச்சாளர், பொந்து வாசல்ல குனிஞ்சு நின்னு பேசலாமா? உங்களுக்கு ஒரு மேடை வேணாமா? அதோ, அந்தக் கிளை நுனியில ஏறி நின்னு பேசுங்க. காடே கேக்கட்டும். முழுசாக் கேட்டா என் மனசு மாறினாலும் மாறும்."

மேடை என்ற சொல்லைக் கேட்டதும் மரநாய்க்குக் கால் தரையில் நிற்கவில்லை. கிளை நுனிக்கு ஓடியது. பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்றது. காட்டைப் பார்த்து முகத்தைத் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தது.

"காடெங்கும் வாழும் என் உயிரினும் மேலான உறவுகளே!"

அலகி ஒரு வாய் குழைத்து அப்பியது. அலகின் பக்கவாட்டால் தட்டிக் கெட்டிப்படுத்தியது. டப், டப், டப்.

'ஆகா, கைதட்டுகிறாள்!' என்று மரநாய் பூரித்துப் போனது. குரலை இன்னும் உயர்த்தியது.

"சுவர்கள் எதற்கு? தடைகள் எதற்கு?"

டப், டப், டப்.

"விட்டு விடுதலையாகி வெளியே வா என்று உன்னை அழைப்பது யார்? உன் நலம் ஒன்றையே நாளும் நினைக்கும் நான்!"

டப், டப், டப், டப்.

கைதட்டல் கூடக் கூடப் பேச்சும் நீண்டது. முடிக்க வேண்டிய இடத்தை எல்லாம் தாண்டிக்கொண்டு போனது. மலையணில் எதிர்க்கிளையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து அன்றுதான் முதல் முறையாக அது வாயைத் திறக்காமல் இருந்தது.

"ஆகவே, இளந்தளிரே, இனியும் தயங்காதே. வெளியே வா!" என்று முடித்துவிட்டு மரநாய் கண்ணைத் திறந்தது. நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டு பொந்துக்கு வந்தது.

வாசலைக் காணோம். சுவர்தான் இருந்தது. நடுவில் புளியங்காய் அளவுக்கு ஒரு கீறல்.

மேடைத்தமிழ் எல்லாம் பறந்துவிட்டது. "ஏய்! என்னடி பண்ணி வச்சிருக்கே?" என்று கத்தியது மரநாய்.

"நீங்க சொன்னதைத்தான் செஞ்சேன். ஏன்னு கேட்க யாருமில்லைன்னு சொன்னீங்க. அதான் நானே யோசிச்சு முடிவு பண்ணிட்டேன்."

மரநாய்க்கு ஆத்திரம் தலைக்கேறியது. வாழ்நாளிலேயே முதல் முறையாக வேலை செய்யத் துணிந்தது. ஈரச் சுவரைப் பிறாண்டியது. மேல் ஓரத்தில் ஒரு கட்டி பெயர்ந்து உள்ளே விழுந்தது. அந்த ஓட்டை வழியாக மூக்கை நுழைத்தது.

அலகிக்குப் பின்வாங்க இடமில்லை, அது பின்வாங்கவும் இல்லை. இருக்கிற பலத்தை எல்லாம் திரட்டி அந்த ஈர மூக்கில் ஒரு குத்து விட்டது.

"ஐயோ! அம்மா!" என்று அலறியபடி மரநாய் கிளை கிளையாக விழுந்து எழுந்து ஓடியது. அது பேசியதில் உண்மையான சொற்கள் அந்த இரண்டும்தான்.

அலகி விழுந்த கட்டியை எடுத்து, எச்சில் தொட்டு, மறுபடி அதே இடத்தில் வைத்து அழுத்தியது. மழையைத் தராத வானம் வெயிலைத் தாராளமாகத் தந்தது. சாயங்காலத்துக்குள் சுவர் இறுகிவிட்டது.

பொழுது சாயும் நேரத்தில் அப்பாவும் அம்மாவும் திரும்பின. இரண்டு பேராகத் தேடியதில் ஏழு பழமும் ஓர் ஓணானும் கிடைத்திருந்தன. அம்மா கிளையில் உட்கார்ந்ததும் திகைத்துவிட்டது.

"யார் அடைச்சது?"

"நான்தான்."

"தண்ணியே இல்லாம எதை வச்சுடி குழைச்சே?"

"பழத்தை வச்சு."

"அப்ப நீ சாப்பிடவே இல்லையா?"

"இல்ல. இப்ப ரொம்பப் பசிக்குது. முதல்ல ஊட்டு, அப்புறம் கேளு" என்று கீறல் வழியாக அலகை நீட்டியது அலகி.

மலையணில் விடுமா? நடந்ததை எல்லாம் ஒன்றுக்கு இரண்டாகச் சேர்த்துச் சொல்லி முடித்தது. அப்பா சுவரை ஓரம் ஓரமாகத் தட்டிப் பார்த்தது. "கெட்டியா இருக்கு" என்றது. மறுபடி ஒருமுறை தட்டிவிட்டு, "நான் கொண்டுவந்த மண்ணுல உங்கம்மா கட்டினதைவிடக் கெட்டியா இருக்கு" என்றது. அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. பெருமைதான் வந்தது.

வாரங்கள் ஓடின. ஒருநாள் இடி முழங்கிக் கோடைமழை கொட்டியது. மரங்கள் துளிர்த்தன. அலகியின் இறகுகள் விரிந்து கறுப்பும் வெள்ளையுமாகப் பளபளத்தன.

"போதும்டி உள்ளே இருந்தது. நான் சுவரை உடைச்சு விடுறேன்" என்றது அம்மா.

"வேண்டாம்மா. நான் தினமும் உள்ளேயே சிறகடிச்சுப் பார்த்துக்கிட்டிருக்கேன். வலது பக்கம் இன்னும் பலம் வரலை. நாலு நாள் போகட்டும்."

நான்காம் நாள் அலகி தானே உள்ளிருந்து கொத்தத் தொடங்கியது. கெட்டியாகக் கட்டிய சுவர் அல்லவா, எளிதில் உடையவில்லை. நெடுநேரம் கொத்தியது. உதவிக்குப் போக அம்மாவுக்கு அலகு பரபரத்தது. இருந்தும் கிளையை இறுகப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

கடைசிக் கட்டி பெயர்ந்து விழுந்தது. அலகி வாசலில் வந்து நின்றது.

"பார்த்து, பார்த்து! விழுந்துடாதே!" என்று பதறியது மலையணில்.

அலகி குதித்தது. கல் போலக் கீழே இறங்கியது. மலையணில் கண்ணைப் பொத்திக்கொண்டது. அடுத்த நொடி, கொல்லன் துருத்தியை ஊதுவது போலச் சிறகுச் சத்தம் கேட்டது. ஹூஷ், ஹூஷ், ஹூஷ். மரத்துக்கு மேலே, மலைக்கு மேலே அந்தச் சத்தம் ஏறிக்கொண்டே போனது.

"அடேயப்பா! இவளுக்கு யார் கத்துக் கொடுத்தது?" என்று கேட்டது மலையணில்.

"கட்டினதும் அவதான், உடைச்சதும் அவதான்" என்றது அம்மா. அதன் கழுத்து நிமிர்ந்திருந்தது.

நீதி: கதவை எப்போது அடைப்பது, எப்போது திறப்பது என்று தானே யோசித்து முடிவெடுத்து, அதற்கான கஷ்டத்தையும் தானே படுவதுதான் சுதந்திரம்.