கிழக்கே வெற்று நிலம்

கார்த்திகை மாதத்தில் ஒரு காலை, தில்லைநாதன் வாத்தியார் சுருட்டிய வரைபடம் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கண்மாய்க்கரை மண்டபத்துக்கு வந்தார். மூன்று நாள் அடித்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. கரையும் மரங்களும் பனிமூட்டத்துக்குள் போய்விட்டிருந்தன.

மண்டபத்தில் குடியிருந்த அம்மாள் ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எந்த ஊர், என்ன பேர் என்று யாருக்கும் தெரியாது. வயது முப்பத்தைந்துக்குள்தான் இருக்கும். வாத்தியாருக்கோ ஐம்பத்தேழு. மகள் வயசுப் பெண்ணிடம் போய்ச் சீடராக நிற்கிறாரே என்று டீக்கடையில் சிரித்தார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காலமெல்லாம் பிள்ளைகளைக் கேள்வி கேட்டே ஓய்ந்தவருக்கு, தான் கேட்க ஓர் ஆள் கிடைத்ததே பெரிதாக இருந்தது.

"உக்காருங்க வாத்தியாரே. தரை ஈரமா இருக்கு, அந்தச் சாக்கை இழுத்துப் போட்டுக்கங்க."

"உக்கார நேரமில்ல தாயி. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

வாத்தியார் படத்தை விரித்தார். "இது சரியா?"

மூன்றாம் வகுப்புப் பூகோளத்தில் முதல் பாடம், நம் ஊரை அறிதல். அதற்காக அவரே வரைந்து பள்ளிக்கூடச் சுவரில் மாட்டியிருந்த படம் அது. கண்மாய்க்கு நீல மை, வயலுக்குப் பச்சை மை. கோயிலுக்குக் கோபுரம்கூடப் போட்டிருந்தார். கிழக்கு ஓரத்தில் எல்லைக் காளி கோயில். அதற்கு அப்பால் வெறும் வெள்ளைத் தாள். பிள்ளைகள் ராகம் போட்டுப் படிப்பார்கள்: வடக்கே கண்மாய், தெற்கே தார்ரோடு, மேற்கே நெல்வயல், கிழக்கே வெற்று நிலம்.

அந்த வெற்று நிலத்தில்தான் காலனி இருக்கிறது. அது எல்லோருக்கும் தெரியும். நாற்று நட அங்கிருந்துதான் ஆட்கள் வருகிறார்கள். வாத்தியாரின் வகுப்பிலேயே பாதிப் பிள்ளைகள் அங்கிருந்து வருகிறவர்கள். ஆனால் ஊர் என்று சொன்னால் அதில் காலனி சேராது. ஊர்த் திருவிழா, ஊர்க் கூட்டம் எதுவானாலும் காளி கோயிலோடு நின்றுவிடும். வாத்தியார் வஞ்சகமாக எதையும் விட்டுவிடவில்லை. ஊரை வரைய உட்கார்ந்தார், கை அங்கே தானாக நின்றது, அவ்வளவுதான். காலனிப் பிள்ளைகளும் அதைப் பார்த்து அப்படியே வரைந்து காட்டினார்கள். அவரும் சரி போட்டுக் கொடுத்தார்.

"நேத்து வரைக்கும் சரியா இருந்துச்சா?" என்று கேட்டாள் அம்மாள்.

"இருந்துச்சு."

"இன்னைக்கு என்ன வந்துச்சு?"

வாத்தியார் சொன்னார். கண்மாய் நிரம்பித் தளும்புகிறது. மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலுங்கு போதவில்லை. கரை தானாக உடைந்தால் ஊரே போய்விடும், அதற்குள் எங்கேயாவது வெட்டிவிட வேண்டும். வெளியூரிலிருந்து ஓர் ஓவர்சியர் வந்திருக்கிறார். ஊர்ப்படம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது இது ஒன்றுதான். பஞ்சாயத்து ஆபீஸ் மேஜையில் விரித்துவைத்து வெள்ளைப் பக்கத்தில் விரலை ஊன்றினார். இங்கே வெட்டினால் யாருக்கும் சேதமில்லையே என்று கேட்டார்.

"யாராவது பொய் சொன்னாகளா?"

"இல்ல தாயி. யாரும் வாயே தொறக்கல. எல்லாரும் படத்தைப் பாத்தாக. தலையாட்டுனாக."

"நீங்க?"

"நானும் ஆட்டுனேன்."

விறகு ஒருவழியாகப் பற்றிக்கொண்டது. அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கிழக்கு வேணாம்னா வேற எங்க வெட்டுவாக?"

"மேற்க. கதிர் புடிச்ச நெல்லு அம்புட்டும் போயிரும். என் வயலும் அங்கதான் கெடக்கு. தை மாசம் பொண்ணு கல்யாணம், அதத்தான் நம்பியிருக்கேன்."

அவள் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை.

"அந்த வெள்ளையில போய் நின்னு பாத்துட்டு வாங்க."

"மூட்டமா இருக்கே. நான் அங்கிட்டுப் போனதேயில்ல. வழி தெரியாது."

"படந்தான் கையில இருக்கே."

வாத்தியார் நடந்தார். காளி கோயில் சுவர் கைக்குத் தட்டுப்பட்டது. அதோடு படத்தில் இருந்த கோடுகள் முடிந்தன. அதற்குமேல் ஓர் அடி வைக்க அவருக்குப் பயமாக இருந்தது. முன்னே வெள்ளை, பின்னே வெள்ளை. கையிலிருந்த தாளுக்குள்ளேயே நடப்பதுபோல் இருந்தது.

முதலில் கோழி ஒன்று கத்தியது. பிறகு அம்மி அரைக்கும் சத்தம். மூட்டத்துக்குள் ஒரு கூரை தெரிந்தது, அதன் பக்கத்தில் இன்னொன்று. வாசலில் அவர் வகுப்புப் பெண் அஞ்சலை, தம்பியை மடியில் வைத்துக்கொண்டு பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"மேற்க?"

"நெல்வயல்."

"கிழக்க?"

"வெத்து நிலம்."

"நல்லாச் சொல்லுடா. ஒண்ணுமே இல்லாத வெத்து நிலம்."

வாத்தியார் கிட்டே போனார். "அஞ்சலை" என்று கூப்பிட்டார்.

அவள் திரும்பவில்லை. பள்ளிக்கூடத்தில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து நிற்கிற பிள்ளை. அவர் குனிந்து அவள் முகத்துக்கு நேரே நின்றார். அவள் கண் அவரைத் தாண்டிப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

உள்ளேயிருந்து அவள் அம்மா ராக்கு வந்தாள். சோறு வடித்த கஞ்சியை வாசலில் வீசினாள். கஞ்சி வாத்தியார் நின்ற இடத்தில் விழுந்தது. வேட்டி நனையவில்லை. காலில் சூடும் தெரியவில்லை.

வாத்தியார் கையைத் தூக்கிப் பார்த்தார். கை இருந்தது. அவருக்கு மட்டும்தான் தெரிந்தது போலிருக்கிறது.

"ராக்கு, கரையை வெட்டப் போறாக. பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டுக் கெளம்புங்க."

ராக்கு சட்டியைத் துடைத்தாள்.

வாத்தியார் வீடு வீடாக ஓடினார். உள்ளே இருப்பவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கதவுகளைத் தட்டினார், தட்டிய சத்தம் அவருக்கே கேட்கவில்லை. சோணை என்றொரு கிழவர் கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்தார். முப்பது வருஷமாக வாத்தியார் வயலில் நாற்றுக்கட்டு சுமந்தவர். அவர் காதில் வாயை வைத்து வாத்தியார் கத்தினார். கிழவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். வாத்தியாருக்கு அழுகை வந்துவிட்டது. இந்தப் பேர்களெல்லாம் இப்படித் தன் வாயில் வரும் என்று அவர் நினைத்ததே இல்லை.

திரும்பி அஞ்சலை வீட்டுக்கே வந்தார். தொண்டை கிழியக் கூப்பிட்டார்.

அஞ்சலை தலையைத் தூக்கினாள். "அம்மா, யாரோ கூப்புட்ட மாதிரி இருக்கு."

"எங்கிட்டிருந்து?"

"ஊருக்குள்ள இருந்து."

"அங்கிருந்து நம்மள யாருடி கூப்புடப் போறா? நீ பாடத்தைப் படி."

வாத்தியார் கரைக்கு ஓடினார். ஓவர்சியர் குடையோடு நின்றார். பக்கத்தில் பஞ்சாயத்துப் பிரசிடெண்டும் ஊர்ப் பெரியவர்களும் நின்றார்கள். மம்பட்டியோடு ஆட்கள் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். பனி அங்கே கொஞ்சம் விலகியிருந்தது. எல்லாருடைய முகமும் நன்றாகத் தெரிந்தது.

"நிறுத்துங்க. கிழக்க ஜனங்க இருக்காக. வீடு இருக்கு. பிள்ளைக இருக்கு."

பிரசிடெண்ட் அவர் நின்ற பக்கம் பார்த்தார். "எங்க, வாத்தியாரை இன்னும் காணோம்?" என்றார்.

"அவர் எதுக்கு? படந்தான் பாத்தாச்சே" என்றார் ஓவர்சியர். "பீடியை முடிச்சிட்டு ஆரம்பிங்கப்பா."

வாத்தியார் பிரசிடெண்டின் தோளைப் பிடித்து உலுக்கினார். பிரசிடெண்ட் தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, "என்ன குளிரு" என்றார்.

மண்டபத்துக்கு வந்து சேர்ந்தபோது வாத்தியாருக்கு மூச்சு வாங்கியது. அம்மாள் வரகு களைந்துகொண்டிருந்தாள்.

"தாயி, எனக்கு என்னமோ ஆகிப்போச்சு. என்னை யாருக்கும் தெரியல. உங்களுக்குத் தெரியுதா?"

"தெரியுது வாத்தியாரே."

"எப்படித் தெரியுது?"

"நான் உங்க படத்தை வச்சுப் பாக்கல. என்னையும்தான் நீங்க வரையலையே."

வாத்தியார் படத்தைப் பார்த்தார். மண்டபம் இருந்தது. தூண்களைக்கூட ஒழுங்காகப் போட்டிருந்தார். உள்ளே யாரும் இல்லை.

"நீங்களாவது கரைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

"உங்க சத்தமே கேக்கலைங்கறீக. என் சத்தம் எப்ப அவுகளுக்குக் கேட்டிருக்கு?"

"பென்சில் இருந்தாக் குடுங்க. இப்பவே எல்லா வீட்டையும் வரைஞ்சிடறேன்."

"வரைங்க. யாரு பாக்க? அவுக பாத்து முடிச்சுட்டாக."

கரையிலிருந்து பேச்சுச் சத்தம் வந்தது. யாரோ ஆட்களை இடம் பார்த்து நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இந்த வயதில் ஒரு பெண்ணின் முன்னால் இப்படித் தேம்பி அழுகிறோமே என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"நான் என்னதான் செய்யட்டும் தாயி?"

"மொத வெட்டு எங்க விழப்போகுது?"

"கரையோட கிழக்குக் கடைசியில. புளியமரத்துக்குப் பக்கத்துல குச்சி நட்டு வச்சிருக்காக."

"அந்தக் குச்சியைப் புடுங்கிப் போட்டுட்டு அந்த எடத்துல உக்காருங்க."

"யார் கண்ணுக்கும் தெரியாதவன் உக்காந்து என்ன ஆகப்போகுது? மம்பட்டி என் மேலதான் விழும்."

அம்மாள் களைந்த தண்ணீரை வாசலில் ஊற்றினாள்.

"விழட்டும். அங்க ஆள் இருக்குன்னு தெரிஞ்சுக்குவாக."

வாத்தியார் எழுந்து, செருப்பை மாட்டக்கூட நிற்காமல், கிழக்கே ஓடினார்.