மயிலையும் செவலையும் இழுத்த பீரங்கி

ஒரு ஊரிலே ஒரு பெண்பிள்ளை இருந்தாளாம். ஊரின் பெயர் நாவல்தாங்கல், அவள் பெயர் பூங்காவனம். புருஷன் போய்விட்டான், பிள்ளை குட்டி இல்லை, அவளுக்கென்று இருந்தது ஒரு சோடி உழவு மாடு. வலத்தை மாடு மயிலை, இடத்தை மாடு செவலை. ஒன்றாகக் கன்றாயிருந்து ஒரே நுகத்தில் பழகிய சோடி. வலத்தை மாடு வலப்பக்கம்தான் நிற்கும், இடத்தை மாடு இடப்பக்கம்தான் நிற்கும். மாற்றிப் பூட்டினால் மகாராசாவே வந்து ஓட்டினாலும் நேராகப் போகாது. இதை மனதில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அந்த ஊருக்குத் தெற்கே கடலூர்க் கோட்டையில் இங்கிலீசுக்காரன். வடக்கே புதுச்சேரிக் கோட்டையில் பிராஞ்சுக்காரன். இங்கிலீசுக்காரன் பட்டாளத்துக்குச் சிவப்புச் சட்டை, பிராஞ்சுக்காரன் பட்டாளத்துக்கு வெள்ளைச் சட்டை. இரண்டு பேருக்கும் சொந்த ஊர் கடலுக்கு அப்பால். அங்கே போட்ட சண்டை போதாதென்று கப்பலேறி வந்து நம் வயலிலே போட்டார்கள்.

ஒரு ஆடி மாதம், முதல் மழை பெய்து, ஊரே ஏர் பூட்டக் காத்திருந்தபோது, சேறாகக் கிடந்த ஊர் ஏரிக்குத் தெற்கே சிவப்புச் சட்டை வந்து கூடாரம் அடித்தது, வடக்கே வெள்ளைச் சட்டை வந்து கூடாரம் அடித்தது. ஆளுக்கொரு பெரிய பீரங்கி. சேற்றிலே அதை இழுக்க மாடு வேண்டுமே!

ஊரில் அங்கப்பன் என்று ஒரு மாட்டுத் தரகன். அவன் முதலில் தெற்கே போய், "துரையே, நான் உங்க ஆளு" என்று கும்பிட்டான். அவர்கள் சந்தோஷப்பட்டு ஒரு சிவப்புச் சட்டை கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு, சிப்பாய்களையும் கூட்டிக்கொண்டு ஊருக்குள் வந்தான்.

"ஒண்ணே ஒண்ணுதானேக்கா கேக்கறேன். இன்னொண்ணு உன் வூட்டிலதானே இருக்குது?" என்று பூங்காவனத்திடம் மாட்டைக் கேட்டான்.

"ஒத்த மாட்டை வச்சிக்கினு நான் இன்னாடா பண்ணுவேன்?" என்றாள் பூங்காவனம்.

துப்பாக்கியைப் பார்த்து அவளால் வேறு என்ன பேச முடியும்? அந்த ஊர்த் தொழுவங்களில் வாசலண்டை கட்டுவது வலத்தை மாட்டைத்தான். அங்கப்பன் வீடு வீடாகப் போய் வாசலண்டை நின்றதை அவிழ்த்தான். ஊரில் பன்னிரண்டு ஏர். பன்னிரண்டு வலத்தை மாடும் தெற்கே போயின.

மறுநாள் அவன் வடக்கே போய், "துரையே, நான் உங்க ஆளு" என்று கும்பிட்டான். அவர்கள் இறகு வைத்த தொப்பி கொடுத்தார்கள். சட்டையைக் கழற்றி ஒளித்துவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு திரும்பவும் வந்தான்.

"அடப்பாவி, இதையுமா?" என்றாள் பூங்காவனம்.

"ஒத்த மாட்டை வச்சிக்கினு இன்னா பண்ணுவேன்னு நீதானேக்கா கேட்டே?"

செவலையும் போயிற்று. பன்னிரண்டு இடத்தை மாடும் வடக்கே போயின.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். தெற்கே பீரங்கியில் மாட்டைப் பூட்டினார்கள். எல்லாம் வலத்தை. ஒவ்வொன்றும் வலப்பக்கம் போகத்தான் முண்டியது, பீரங்கி வலப்பக்கமாகவே சுற்றியது. சாட்டையால் அடித்தார்கள், சுற்றியது. புல்லைக் காட்டினார்கள், சுற்றியது. துரையே வந்து வாலைப் பிடித்து முறுக்கினான், அப்போதும் சுற்றியது. வடக்கே மட்டும் என்ன? எல்லாம் இடத்தை. அங்கே பீரங்கி இடப்பக்கமாகச் சுற்றியது.

தெற்கே இருந்த துரைக்குக் கோபம் வந்தது. "பொழுது சாய்வதற்குள் பீரங்கி ஏரிக்கரைக்குப் போக வேண்டும். போகாவிட்டால் இந்த மாடுகள் சட்டிக்கு!" என்றான். வடக்கே இருந்த துரையும் அதையே சொன்னான். சண்டைக்காரர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

பூங்காவனத்தின் காதில் விழுந்தது. தெற்கே ஓடினாள்.

"சாமி, உங்ககிட்ட இருக்கிறது பாதி மாடு. மத்தப் பாதி அங்க இருக்குது. ஆறு குடுத்து ஆறு வாங்கினா ரெண்டு பேருக்கும் சோடி சேரும். எங்க மாடும் பொழைக்கும்."

துபாசி அதை இங்கிலீசில் சொன்னான். துரை சிரித்தான். "எதிரிக்கு நான் மாடு கொடுப்பதா? அவனுடையதை வாங்கி வா."

வடக்கே ஓடினாள். அதே பேச்சு, அதே சிரிப்பு, அதே பதில்.

மூன்றாவதாக அங்கப்பனிடம் போனாள். "நீ சொன்னா கேப்பாங்கடா அங்கப்பா. உன் காலைப் புடிக்கறேன்."

"தோலுக்குக்கூட விலை பேசிட்டேனேக்கா" என்றான் அவன்.

பூங்காவனம் வீட்டுக்கு வந்து காலித் தொழுவத்தில் உட்கார்ந்தாள். அழுதாள். எதிரே கழுநீர்த் தொட்டி, மரத்தொட்டி. தினமும் அந்தியில் தவிடு கலக்கிவிட்டு விளிம்பில் கட்டையால் 'டொக் டொக் டொக்' என்று தட்டுவாள். எந்தக் கொல்லையில் மேய்ந்தாலும் இரண்டும் ஓடிவரும். அவளுக்கு மட்டுமா, ஊர் முழுக்க அதுதான் வழக்கம். சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

பன்னிரண்டு வீட்டு வாசலிலும் போய் நின்று சொன்னாள்: "தொட்டியை ஏரிக்கரை மேல தூக்கியாங்க. தவிடு நெறைய கொட்டுங்க. ஆம்பளைங்க அரிவாளோட ஏரிக்குள்ள நில்லுங்க."

"அதுங்கதான் சுத்திக்கினே கெடக்குதே, எப்படி வரும்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நுகத்துல எந்தப் பக்கம்னு கழுத்துதாண்டி பாக்கும். வயிறு பாக்குமா?"

பொழுது சாய்ந்தது. கருமேகம் கூடி, தூறல் போட்டது. தெற்கே கத்தி தீட்டினார்கள், வடக்கே அடுப்பு மூட்டினார்கள். மாடுகள் இன்னும் நுகத்தில்தான் நின்றன. அப்போது கரைமேல் பன்னிரண்டு பெண்டுகளும் ஒரே சமயத்தில் தட்டினார்கள்.

டொக் டொக் டொக்!

தெற்கே மயிலை காதை நிமிர்த்தியது. வடக்கே செவலை காதை நிமிர்த்தியது. இரண்டாம் தரம் தட்டினார்கள், எல்லா மாடும் திரும்பின. மூன்றாம் தரம் தட்டினார்கள், அவ்வளவுதான்! தெற்கேயிருந்து பன்னிரண்டு, வடக்கேயிருந்து பன்னிரண்டு, பீரங்கியும் சங்கிலியுமாக நேரே ஏரிக்குள் இறங்கின. இறங்கின பீரங்கி இரண்டும் நடு ஏரிச் சேற்றில் அச்சு வரைக்கும் புதைந்தன. ஆண்பிள்ளைகள் பாய்ந்து நுகக் கயிற்றை அறுத்தார்கள். சட்டென்று மயிலைக்கு இடப்பக்கம் செவலை வந்து நின்றது. யாரும் பூட்டவில்லை, தானாகவே நின்றது! இரண்டும் சேர்ந்து கரையேறி, தொட்டியில் மூக்கு மூழ்கக் குடித்தன. பூங்காவனம் இரண்டு கழுத்தையும் கட்டிக்கொண்டு, "வந்துட்டீங்களாடா, என் ராசாக்களா" என்றாள். 

பட்டாளங்கள் பின்னாலேயே ஓடிவந்து முழங்கால் வரைக்கும் சேற்றில் மாட்டிக்கொண்டன. சுடலாமென்றால் வெடிமருந்து நனைந்துவிட்டது. துரைமார் இரண்டு பேரும் எட்டித் தொடும் தூரத்தில் நின்றார்கள், ஒருவனாலும் கை ஓங்க முடியவில்லை.

"அங்கப்பா!" என்று இவனும் கத்தினான், அவனும் கத்தினான்.

அங்கப்பன் சிவப்புச் சட்டை போட்டு, தொப்பியை உள்ளே செருகிக்கொண்டு ஓடிவந்தான். வந்தவன் வழுக்கி விழுந்தான். தொப்பி வெளியே வந்து, இறகோடு சேற்றுத் தண்ணீரில் மிதந்தது. சட்டையை வடக்கத்தித் துரை பார்த்தான், தொப்பியைத் தெற்கத்தித் துரை பார்த்தான். இரண்டு துரைகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ யாருடைய ஆள்?"

 அவனையே நுகத்தில் பூட்டி, "இழுடா" என்றார்கள். ஒற்றை ஆள், ஒரு பக்கம் நுகம். வலப்பக்கம் சுற்றினான், இடப்பக்கம் சுற்றினான், கடைசியில் குப்புற விழுந்தான். கரைமேல் நின்ற பூங்காவனம், "சாட்டை வேணுமா, புல்லு வேணுமா அங்கப்பா?" என்று கேட்டாளாம். சட்டையையும் தொப்பியையும் பிடுங்கிக்கொண்டு அவனை விரட்டினார்கள். போனவன் போனவன்தான், நாவல்தாங்கல் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அன்று பிடித்த மழை விடவே இல்லை. ஏரி நிரம்பிப் பீரங்கி இரண்டும் முழுகின. சிவப்புச் சட்டை தெற்கே போயிற்று, வெள்ளைச் சட்டை வடக்கே போயிற்று. மழை விட்ட மறுநாள் காலையில் பன்னிரண்டு ஏரும் கொல்லை நிலத்தில் இறங்கின, முதல் ஏர் பூங்காவனத்தின் ஏர்.

சோடியைப் பிரித்தவன் தனியாகச் சுற்றுவான். மழை ஏரி சேர்ந்தது, மாடு தொழுவம் சேர்ந்தது, கதை உங்களைச் சேர்ந்தது. தூங்குங்கள்.