கட் சொன்ன பிறகு

நையாண்டிப் படம் எடுக்கிறவனுக்குச் சிரிப்புச் சத்தம் கேட்டால் போதும், சோறு தண்ணீர் வேண்டாம். உச்சிமாகாளிக்கோ வீடு நிறையச் சிரிப்பு கேட்டும் சோறு இறங்கவில்லை.

பாளையங்கோட்டைப் பக்கம் கல்யாண வீடியோ எடுத்தே தலை நரைத்த மனுஷன். ஐம்பதைத் தாண்டிய பிறகு குறும்பட ஆசை வந்தது. சும்மா சொல்லக்கூடாது, ஆசை வந்ததும் வெட்கப்படாமல் போய்ப் படிக்கச் சேர்ந்தார். எடிட்டிங் சொல்லிக்கொடுத்த ஜெபராணிக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். ஜெபராணி அவரை அண்ணாச்சி என்பார். அவர் ஜெபராணியை டீச்சர் என்பார், அதுவும் எழுந்து நின்றுதான்.

படத்தின் பெயர் ‘போய் வருகிறேன்’. ஒருவன் முகநூலை விட்டுப் போகிறேன் என்று முகநூலிலேயே அறிவிக்கிறான். போகிறவன் போகவேண்டியதுதானே? ‘போகாதீர்கள்’ என்று எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று நிமிஷத்துக்கு ஒருதரம் எட்டிப் பார்க்கிறான். ரெண்டே பேர் சொல்கிறார்கள். அதில் ஒன்று அவனே கள்ளப் பெயரில் வைத்திருக்கும் இன்னொரு கணக்கு. உறவுகளின் அன்புக்குக் கட்டுப்பட்டுத் திரும்பி வருகிறான்.

கதை ஒன்றும் கற்பனை இல்லை. மாவு மில் வைத்திருக்கிற மச்சினன் இசக்கியப்பன் அடித்த கூத்துதான். அவனையே நடிக்கவும் வைத்தார். தன் கதை என்று தெரிந்தேதான் அவனும் மில்லைப் பூட்டிவிட்டு ஆசையாக வந்தான்.

வீட்டில் போட்டுக் காட்டிய அன்று சொந்தபந்தம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இசக்கியப்பன் பாதியில் எழுந்து போனான். அவனுக்குப் போட்ட இலை போட்டபடி கிடந்தது. அவன் அக்கா, அதாவது உச்சிமாகாளியின் மனைவி, அன்றோடு புருஷனிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

மறுநாள் காலையிலேயே டீச்சர் முன்னால் போய் நின்றார்.

“ஞாயித்துக்கிழமை திரைப்படச் சங்கத்துல படம் டீச்சர். அவன் வரமாட்டேங்கான். வீட்டுப்படியும் ஏறமாட்டானாம். நையாண்டின்னா யாருக்காவது நோகத்தானே செய்யும்?”

ஜெபராணி, “எடுத்ததைக் கொண்டாங்க” என்றார்.

“முடிச்ச படந்தான் உங்ககிட்ட இருக்கே.”

“முடிச்சது வேண்டாம். வெட்டிப் போட்டதக் கொண்டாங்க.”

கொண்டுபோய்க் கொடுத்தார். ஜெபராணி அதை வேகமாக ஓட்டிவிட்டுப் பார்க்கவில்லை. குப்பை என்று ஒதுக்கியதை வைரம் தேடுகிறவர் மாதிரி உட்கார்ந்து பார்த்தார். ஆறின டீயை யாரோ எடுத்துப் போனதுகூடத் தெரியவில்லை. அந்தப் பொறுமையைப் பார்க்க உச்சிமாகாளிக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

“அண்ணாச்சி, கட் சொன்ன பிறகும் கேமரா ஓடுதே. நிறுத்த மறந்துட்டீயளா?”

“மறக்கல டீச்சர். கல்யாண வீட்டுப் பழக்கம். தாலி கட்டினதும் நிறுத்திட்டோம்னா, பொண்ணப் பெத்தவரு தூணுக்குப் பின்னால நின்னு கண்ணத் தொடைக்கது கிடைக்காது.”

“நல்ல பழக்கம். இதுல என்ன கிடைச்சிதுன்னு பாத்தீயளா?”

உச்சிமாகாளி பார்க்கவில்லை. கட் என்ற இடத்தோடு நறுக்கித் தள்ளியிருந்தார்.

ஜெபராணி திரையை அவர் பக்கம் திருப்பினார்.

திரையில் இசக்கியப்பன் போனை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். ‘கட்’ என்று குரல் கேட்டது. போனை ஸ்டூலில் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தான். உச்சிமாகாளி குனிந்த தலையோடு உள்ளே வந்தார். கையில் போன். முகநூலில் போட்ட படப்பிடிப்புத் தளத்துப் போட்டோவுக்கு எத்தனை இதயம் விழுந்திருக்கிறது என்று கட்டைவிரல் தேடிக்கொண்டிருந்தது.

“நான் செஞ்சது நல்லாருக்கா அத்தான்?”

“ம்.”

அடுத்த துண்டு. அடுத்த காட்சி, அடுத்த சட்டை. ‘கட்’. அவன் போனைக் கவிழ்த்தான். இவர் தலையைக் கவிழ்த்தபடி வந்தார்.

“நல்லாருக்கா அத்தான்?”

“ம்.”

இப்படியே இன்னும் சில துண்டுகள் ஓடின. “போதும் டீச்சர்” என்றார் உச்சிமாகாளி.

“இன்னும் ஒண்ணு இருக்கு.”

அதில் இசக்கியப்பன் கேள்வி கேட்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுச் சிரித்தபடி சொன்னான். “நான் ஏன் மறுபடி அதுக்குள்ள போனேன்னு தெரியுமா அத்தான்? அங்க இருந்தா என் காலை வணக்கத்துக்கு நீங்க ஒரு கும்பிடாவது போடுவீய. இங்க எதுக்க உக்காந்திருந்தா நிமிந்து பாக்க மாட்டேங்கீய.”

திரையில் இருந்த உச்சிமாகாளி ‘ம்’ என்றார். நாற்காலியில் இருந்த உச்சிமாகாளி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இத நான் கேக்கவே இல்லையே டீச்சர்.”

“கேமரா கேட்டிருக்கு.”

“இப்ப என்ன செய்ய?”

“படம் உங்க படம்” என்று ஜெபராணி எழுந்தார். வேறு யாரையும் உட்காரவிடாத தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார். “நான் போய் ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்.”

தன் மூஞ்சியைத் தானே வெட்டி ஒட்டுவது லேசுப்பட்ட காரியமா? இந்த இடத்தில் உச்சிமாகாளியை மெச்சத்தான் வேண்டும். ஒரு துண்டையும் அழகுபடுத்தவில்லை. தொப்பை தெரிந்த துண்டையும் சேர்த்தார்.

திரும்பி வந்த ஜெபராணி முழுசாகப் பார்த்தார்.

“கடைசியா அவரு பேசினது எங்க?”

“அது சபைக்குச் சொன்னது இல்ல டீச்சர். எனக்குச் சொன்னது.”

ஜெபராணி, “அந்த நாற்காலி உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி” என்றார். டீச்சர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவது குதிரைக் கொம்பு.

படத்தை மாற்றியிருக்கிறேன் என்று உச்சிமாகாளி சொன்னதைக் கேட்டு, ஞாயிற்றுக்கிழமை அக்கா போய்த் தம்பியைக் கையோடு இழுத்து வந்தாள். அவன் எழுந்து போக வசதியாகக் கதவோரம் உட்கார்ந்துகொண்டான்.

முகநூலை விட்டவனைப் பார்த்துச் சபை சிரித்தது. கதவோரம் சத்தமில்லை. கதை முடிந்தது, ‘கட்’ என்று குரல் கேட்டது, ஆனால் படம் நிற்கவில்லை. டைரக்டரே குனிந்த தலையோடு உள்ளே வந்தார். “நல்லாருக்கா அத்தான்?” “ம்.” சபை வெடித்துச் சிரித்தது. அடுத்த துண்டிலும் “ம்.” அதற்கடுத்த துண்டில் சபையே அவருக்கு முந்திக்கொண்டு ‘ம்’ போட்டது. அத்தனை சிரிப்புக்கும் மேலாகக் கதவோரமிருந்து ஒரு சிரிப்பு வந்தது. உச்சிமாகாளிக்கு அது யார் என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. மனசு நிறைந்துபோனது.

விளக்குப் போட்டதும் கூட்டம் மொய்த்தது. ஆளாளுக்குப் போனை நீட்டிப் படம் பிடித்தார்கள். சட்டைப் பையில் அவர் போனும் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. அதை எடுக்காமல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு டீச்சரிடம் போனார்.

“நல்லாருக்கா டீச்சர்?”

ஜெபராணி கதவுப் பக்கம் பார்த்தார். இசக்கியப்பன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

“இதே கேள்வியத்தான் அவரும் உங்ககிட்ட கேட்டாரு, அண்ணாச்சி. அவருக்குச் சொல்லிட்டு வாங்க.”