பூசியவருக்குக் கொஞ்சம், காற்றுக்கு மிச்சம்

அந்தக் காலத்தில் விலங்கும் மரமும் காற்றும் வாய்விட்டுப் பேசின. பேசியதில் பாதிக்கு மேல் பேரம்தான். ஒரு மடி நெல்லிக்காய்க்கு ஒரு கூடு தேன், ஒரு பகல் நிழலுக்கு ஒரு ராத்திரிக் காவல் என்று காடு நடந்துகொண்டிருந்தது. பேசத் தெரிந்தவன் தின்றான். தெரியாதவன் பட்டினி கிடந்து தெரிந்துகொண்டான்.

வாசனை சங்கதி மட்டும் அப்போது வேறு மாதிரி. பூசிய எண்ணெயின் மணம் பூசியவரை விட்டு நகராது. காலையில் கழுத்தில் ஒரு சொட்டுத் தடவினால் பொழுது சாயும்வரை, கனம் குறையாமல், அவர் மூக்கிலேயே குடியிருக்கும். பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு இழைகூடப் போகாது. பூக்களும் அப்படித்தான். இதழில் மூக்கை வைத்தவருக்கு மட்டும் மணம். காற்றுக்குக் கிடைத்ததெல்லாம் வியர்வை, புகை, ஈர ரோமம், செத்த எலி. அதைத்தான் அது மலை மலையாகச் சுமந்து திரிந்தது.

அந்தக் காட்டில் ஒரு புனுகுப்பூனை இருந்தாள். எல்லாரும் அவளைப் புனுகக்கா என்பார்கள். வாசனை எண்ணெய் சேர்ப்பதில் அவளுக்கு இணை கிடையாது. நத்தை விட்டுப்போன கூட்டில் எண்ணெயை ஊற்றி, தேன்மெழுகால் வாயை அடைத்து, தன் பாறை இடுக்கில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். அதில் சும்மா வந்தது ஒன்றுகூட இல்லை.

அகிலை எடுத்துக்கொள்ளுங்கள். அடிபடாத அகில் மரம் வெறும் விறகு. அடிபட்டு, புண்ணாகி, அந்தப் புண்ணுக்குள் வருஷக்கணக்கில் ஊறினால்தான் அதில் மணம். அப்படிப்பட்ட மரம் ஒன்று கரடியின் எல்லைக்குள் இருந்தது. புனுகக்கா போய் உட்கார்ந்தாள். நடுவில் ஒரு தேக்கிலை; அதற்கு அடியில் இருவர் கையும். வாய் திறக்காமல் விரலைப் பிடித்து விலை சொல்ல வேண்டும். ஒரு விரலுக்கு ஒரு தேன்கூடு காட்டித் தரவேண்டும் என்று கணக்கு. கரடி நான்கு விரலைப் பிடித்தது. அவள் இரண்டை மடக்கினாள். கரடி மூன்றைப் பிடித்தது. அவள் கையை உருவிக்கொண்டு எழுந்து நடந்தாள்.

"எங்க போற? ஒக்காரு," என்றது கரடி.

"வீட்ல அடுப்பு இருக்கு. வெறகு வேணும்னா அப்புறமா வரேன்."

"அகிலப் பாத்து வெறகுங்கறியா. சரி, ரெண்டுக்கே எடுத்துக்கிட்டுப் போ. என் கண்ணு முன்னாடி நிக்காதே."

எழுந்து போகத் தெரிந்தவளுக்குத்தான் சரக்கு படியும். நாள் முழுக்க உட்கார்ந்து கெஞ்சினால் தேக்கிலைகூடக் கிடைக்காது.

அந்த எண்ணெய்களின் குணத்தை அவளைப் போல அறிந்தவர் இல்லை. மகிழம்பூ எண்ணெய் பூசிய கையோடு ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். இவ்வளவுதானா என்று வைதுவிட்டு வேலையைப் பார்க்கப் போனால், வெயில் ஏற ஏற மெல்லத் தலைதூக்கும். அவசரக்காரர்களுக்கு அது சரிப்படாது. தாழம்பூ நேர் எதிர். சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்து நடுக்கூடத்தில் உட்காரும் சம்பந்தி மாதிரி. முதலில் எரிச்சலாக இருக்கும். பொறுத்துக்கொண்டால் வீட்டின் மூத்த ஆளாக மாறிவிடும். வெட்டிவேரைக் கோடையில் கழுத்தில் தடவினால் ஆற்றங்கரையில் படுத்துக் கிடக்கும் சுகம். முதல் மழை விழுந்த மண்ணை வடித்து ஒரு கூடு வைத்திருந்தாள். அதைப் பசியோடு பூசக்கூடாது என்பாள். மண்ணையே தின்னத் தோன்றுமாம். இத்தனைக்கும் அடியில் சந்தன எண்ணெய். எந்தப் பூவை ஊறப்போட்டாலும் அதை விடாமல் பிடித்து வைத்திருக்கும், தான் முந்திக்கொண்டு பேசாது. "கூட்டாளின்னா சந்தனம் மாதிரி இருக்கணும்," என்பாள் புனுகக்கா.

அவளுக்கு ஒரே ஒரு குட்டி. பெயர் பொட்டு. காட்டில் மற்றத் தாய்மார்கள் எல்லாரும் பிள்ளையை மூக்கால்தான் தேடுவார்கள். புனுகக்காவின் மூக்கில்தான் எப்போதும் ஏதாவது ஒரு எண்ணெய் நிறைந்திருக்குமே. அவள் கண்ணால் தேடுவாள், காதால் தேடுவாள். பக்கத்து வளையில் இருந்த முள்ளம்பன்றிக்கு இதில் ஒரு நமட்டுச் சிரிப்பு.

"தங்கச்சி, நீ பெத்த புள்ளை வாசனை எப்படி இருக்கும்? எங்கே, சொல்லு பாப்போம்."

"கண்ணு இருக்கு, காது இருக்குண்ணே. மூக்கு என் சொந்த உபயோகத்துக்கு."

ஒரு நாள் காற்று வந்து அவள் பாறை வாசலில் நின்றது.

"அக்கா, நாள் முழுக்கச் செத்ததையும் நாறினதையும் சுமக்கறேன். எனக்கே குமட்டுது. உன் எண்ணெயில ஒரு மூச்சு குடு. சும்மா வேணாம். கோடையில உனக்கு விசிறி விடறேன்."

"கோடையில வீசாம நீ வேற எங்க போவ? எப்படியும் செய்யற வேலைக்கு என்கிட்டயே கூலியா?"

"ஒரு மூச்சுதானேக்கா."

"உனக்கு ஒரு மூச்சு குடுத்தா ஊருக்கே குடுத்த மாதிரி. கையில வாங்கினத அடுத்த மரத்துல விட்டுட்டுப் போற ஆளு நீ. போ, வாசலை மறைக்காதே."

காற்று போய்விட்டது. புனுகக்கா கெட்டிக்காரிதான். ஆனாலும் இந்த இடத்தில் கோபம் அவளை முட்டாளாக்கிவிட்டது. விலை கட்டாது என்று சொல்லலாம், ஆளை விரட்டக்கூடாது. நாளைக்கு யார் வாசலில் யார் போய் நிற்போம் என்று எவனுக்குத் தெரியும்.

மழைக்காலம் வந்தது. ஒரு மத்தியானம் அவள் கரடியிடம் வாங்கிய அகிலையும் பழைய தாழம்பூவையும் கலந்து, காதடியிலும் கழுத்திலும் பூசிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். மேலே தாழம்பூ அதிகாரம் பண்ணியது; அடியில் அகில் புகைமாதிரி இருண்டு இறங்கியது. இவ்வளவு நல்ல கலவை அவளுக்கு அதுவரை வாய்த்ததில்லை. அந்த மயக்கத்தில் பொட்டு ஒரு நண்டின் பின்னால் ஓடையைப் பார்த்துப் போனதை அவள் கவனிக்கவில்லை. மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கியதையும் கவனிக்கவில்லை.

முள்ளம்பன்றிதான் ஓடி வந்து எழுப்பியது. "தங்கச்சி, மேல்மலையில நல்ல மழை. ஓடை ஏறுது. புள்ளை எங்கே?"

புனுகக்கா கண்ணைத் திறந்தாள். கை நீட்டினால் கை தெரியவில்லை, அப்படி ஒரு மூட்டம். "பொட்டு," என்று கத்தினாள். ஓடையின் இரைச்சல் அவள் குரலை விழுங்கியது. பதில் குரல் வந்திருந்தால் அதையும் விழுங்கியிருக்கும். கண் போயிற்று, காது போயிற்று. மிச்சம் இருந்தது மூக்கு. மூக்கில் அகிலும் தாழம்பூவும் கால் நீட்டிப் படுத்திருந்தன.

கரையோடு ஓடினாள். தரையை முகர்ந்தாள்: தாழம்பூ. பாறையை முகர்ந்தாள்: அகில். சேற்றில் விழுந்து புரண்டாள். தண்ணீரில் கழுத்தை முக்கித் தேய்த்தாள். நல்ல எண்ணெய் கழுவினால் போகாது. அதற்காகத்தானே அத்தனை பாடுபட்டுச் சேர்த்தாள். கழுத்துத் தோல் உரிந்தது, மணம் உரியவில்லை.

அப்போது முதுகுப்பக்கம் சில்லென்று இருந்தது. காற்று.

"உன் புள்ளையோட வாசனை என்கிட்ட இருக்கு," என்றது அது. "வந்து வந்து உன் மூக்குல வச்சுப் பாத்தேன். வாங்கிக்க உனக்கு எடமில்ல."

"அவ எங்க இருக்கான்னு சொல்லு."

"நான் எங்கயும் நின்னு பாக்கறவன் இல்லயே. தொட்டதை எடுத்துட்டு வருவேன், அவ்வளவுதான். ஈரப்பாறையும் பாசியும் அவளோட சேர்ந்து மணக்குது. தண்ணிக்கு நடுவுல நிக்கறா போல."

புனுகக்காவுக்கு எழுந்து நடந்து காட்ட முடியாத பேரம் அவள் ஆயுளிலேயே அது ஒன்றுதான்.

"என் கூடு அத்தனையும் எடுத்துக்க. அகில், மகிழம்பூ, மண்ணு, எல்லாம்."

"மெழுகை உடைக்க எனக்குக் கை ஏது? அடைச்சு வச்ச சரக்கு எனக்கு எதுக்கு? பூசின சரக்கு வேணும்."

"வெளங்கச் சொல்லு. நேரமில்ல."

"எண்ணெய் உன் மேலயே இருக்கட்டும். மணம் எனக்கு. உன் மூக்கை விட்டு எடுத்துட்டுப் போயி எதிர்ல வர்றவங்களுக்கெல்லாம் குடுப்பேன். இன்னிக்கு மட்டும்னு நெனைக்காதே, என்னிக்கும். நீ மட்டும்னும் நெனைக்காதே, எவர் பூசினாலும், பூ பூத்தாலும் இதே பேச்சுதான்."

"பாதி எனக்கு, பாதி உனக்கு."

"பாதி மூக்கு அடைச்சிருந்தாலும் உன் புள்ளை உள்ள வரமாட்டா, அக்கா."

அது நியாயம். ஆனாலும் அவள் பேச்சை விடவில்லை. பொட்டுக்காக உயிரைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பாள். அதையும் நல்ல விலைக்குத்தான் கொடுத்திருப்பாள்.

"எடுத்துக்க. ஆனா பூசினதும் மொதல்ல கொஞ்ச நேரம் எனக்கு. என்ன சரக்குன்னே தெரியாம எவ பூசுவா? நான் பூசலன்னா உனக்கு மறுபடியும் செத்த எலிதான்."

காற்று யோசிக்கவே இல்லை. "ஒரு நெல்லிக்காய் தின்னு முடிக்கற நேரம் உனக்கு. மிச்சம் எனக்கு."

"முடிஞ்சுது. எடு."

காற்று அவள் கழுத்தைச் சுற்றி ஒரு வட்டம் வந்து அகிலையும் தாழம்பூவையும் அள்ளிக்கொண்டு மூட்டத்துக்குள் போயிற்று. அவள் மூக்கு வெறும் வீடாக நின்றது. அந்த வெறுமையில் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன: நனைந்த பாறை, பாசி, நண்டு, பிறகு மெல்லியதாக ஒன்று. பால் காய்ந்த ரோமம், வெயிலில் கிடந்த சருகு, கொஞ்சம் நாவல்பழம். அவளிடம் இருந்த எந்தக் கூட்டிலும் அது இல்லை. எந்தப் பேரத்திலும் அது கிடைத்திருக்காது. இதுதான் என் பிள்ளை என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த இழையைப் பிடித்துக்கொண்டு, கண் தெரியாத வெண்மையில், கரையில் துருத்திக்கொண்டிருந்த பாறைமேல் தாவினாள். ஒரு தாவல் தூரத்தில் எங்கோ பொட்டு நிற்கிறாள் என்று மூக்கு சொன்னது. ஆனால் எந்தப் பக்கம் தாவ வேண்டும் என்று பொட்டுக்குத் தெரிய வேண்டுமே. குட்டி நின்ற கல்லின்மேல் தண்ணீர் ஏறியிருந்தது. அவள் நான்கு காலையும் ஒன்றாக ஒடுக்கிக்கொண்டு நடுங்கினாள். அப்போதுதான் காற்று அவள் முகத்துக்கு நேரே அகிலையும் தாழம்பூவையும் கொண்டுவந்து வைத்தது. அம்மாவின் கழுத்தில் முகம் புதைத்துத் தூங்கும்போது மட்டும் அவளுக்குக் கிடைக்கிற வாசனை. அது வந்த திசையைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு தாவினாள். பாதி தண்ணீரில் விழுந்தவளின் பிடரியைப் புனுகக்காவின் பல் கவ்வியது.

மேட்டில் ஏறி, ஈரம் போக நக்கிக்கொடுத்தபோது பொட்டு சொன்னாள்: "அம்மா, அவ்ளோ தூரத்துக்கு நீ மணந்த."

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள் புனுகக்கா. தன் எண்ணெயைப் பற்றி இன்னொருவரிடம் அவள் கேட்டது அதுவே முதல் தடவை.

"மேல பெரிய சத்தமா இருந்துச்சு. அப்புறம் உள்ள இருட்டா, கதகதன்னு. நல்லா இருந்துச்சும்மா."

மூச்சிரைக்க வந்து சேர்ந்த முள்ளம்பன்றியும் மூக்கைத் தூக்கிப் பார்த்தது. "இத்தனை நாளு இதத்தான் ஒளிச்சு வச்சிருந்தியா, தங்கச்சி. நீ சும்மா பெருமை பீத்திக்கறன்னு நெனச்சேன்." பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, "ரெண்டு முள்ளு தரேன். எனக்கும் ஒரு சொட்டு தடவி விடேன்," என்றது.

புனுகக்கா தன் தோளை முகர்ந்தாள். ஒன்றும் தெரியவில்லை. அவள் ஆயுளிலேயே சிறந்த கலவை, ஊரே முகர்கிறது, அவளுக்கு இல்லை. அழுகை வரவில்லை, கோபம் வந்தது. ஓடையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த காற்றைக் கூப்பிட்டாள்.

"ஏய், நில்லு. கொசுறு எங்கே?"

காற்று நின்றது. "புள்ளை கிடைச்சுட்டா. பேச்சும் முடிஞ்சுது. இப்ப என்ன கொசுறு?"

"பேச்சு முடிஞ்சாத்தான் கொசுறு. இத்தனை பெரிய வியாபாரம் பண்ணியிருக்கோம். வெறுங்கையோட அனுப்புவியா?"

காற்று சிரித்தது. எண்ணெய் மணம் ஏறியதில் அதற்கும் மனசு குளிர்ந்திருந்தது. "சரிக்கா. என்னிக்காவது நான் திரும்பறப்போ உனக்கு ஒரு மூச்சு விட்டுட்டுப் போறேன். எப்போன்னு கேக்கக்கூடாது, இன்னொண்ணும் கேக்கக்கூடாது."

"பூசற எல்லாருக்கும்," என்றாள் புனுகக்கா.

"எல்லாருக்கும்," என்றது காற்று.

அன்று முதல்தான் அத்தர் பூசியவருக்கு அதன் மணம் ஒரு நெல்லிக்காய் தின்னும் நேரம் மட்டும் நிற்கிறது. பிறகு கையை அடுத்தவர் முகத்துக்கு நேரே நீட்டி, எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. வாசனை போய்விட்டது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று இதற்காகச் சண்டைக்குப் போகாதீர்கள். ஏதோ வேலையாக நடந்துபோகிற போது, தெருமுனையில் திரும்புகிற இடத்தில், எதிர்பாராமல் உங்கள் மணமே உங்களைத் தொட்டுவிட்டுப் போகிறதல்லவா, அதைக் கண்ணை மூடி வாங்கிக்கொள்ளுங்கள். அது ஒரு தாய் விடாமல் கேட்டு வாங்கிய கொசுறு.