ஏழாம் மதிலில் கயிறு பிடித்தவன்

ரோஸ்லின் மாஸ்டரைத் தணிகை கடைசியாக உயிரோடு பார்த்த நாளில், அந்த உயிர் கொஞ்ச நேரம் அவன் கையில் இருந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை. கயிறாகவே இருந்தது.

மலைக்கோட்டை ஒன்றின் மேல்மதிலில் படப்பிடிப்பு. ஊரே ஆடித் தீர்த்த ‘ஏழாம் மதில்’ என்ற வீடியோ கேமைத் தணிகை படமாக எடுத்துக்கொண்டிருந்தான். மழையைத் திருடி ஏழு மதில்களுக்கு அப்பால் பூட்டிவைத்த அரக்கனைத் தேடிப் போகும் நீலி என்ற பெண்ணின் கதை. ஏழாவது மதிலிலிருந்து அவள் பள்ளத்தாக்கைப் பார்த்துப் பாய வேண்டும். அந்த ஆட்டத்தை ஆடியவர்களில் அங்கே நீலியை விழவிடாதவர் கிடையாது. விழுந்தால் மதில்மேல் ஒரு விளக்கு எரியும். நீலி மறுபடி அதன் அடியில் நிற்பாள்.

அந்தப் பாய்ச்சலை முதலில் ஸ்டுடியோவில் பச்சைத் துணி கட்டி எடுத்தான். போட்டுப் பார்த்தபோது தயாரிப்பாளர் கொட்டாவி விட்டார். பிறகு இங்கே வந்து, நாயகிக்குப் பதிலாக யமுனா என்ற சண்டைக் கலைஞரை இரண்டு கயிறுகளில் கட்டிப் பாயவைத்தான். அதுவும் சரியாக வரவில்லை.

சண்டைக் காட்சிகளுக்கு ரோஸ்லின் மாஸ்டர்தான் பொறுப்பு. காசிமேட்டுப் பெண்மணி. ஒரு காலத்தில் நாயகிகளுக்காகக் குதிரையிலிருந்து விழுந்தவர். இயக்குநராவதற்கு முன் தணிகையும் அவரிடம்தான் விழக் கற்றுக்கொண்டான்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. காற்று ஏறிக்கொண்டிருந்தது.

“ரெண்டாவது கயித்தை எடுத்துடுங்க மாஸ்டர்,” என்றான் தணிகை.

“அது உசுருக்குக் கட்டுறதுடா.”

“அதுதான் உடம்பைப் பிடிச்சு இழுக்குது. பாயுற மாதிரியே இல்லை. துணி காயப்போட்ட மாதிரி இருக்கு.”

“மொதக் கயிறு நழுவிச்சுன்னா?”

“அதைத்தான் நாலு பேர் பிடிக்கிறாங்களே.”

யமுனா இடுப்பு பெல்ட்டைப் பற்றியபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். முடியாது என்று அவள் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த படத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். அது தணிகைக்கும் தெரியும். அவனும் அப்படி நின்றவன்தான்.

“பயம் வரணும் மாஸ்டர். கேம்ல ஆயிரம் தடவை செத்துப் பொழைச்சவளைப் பார்த்து ஜனங்க எப்படிப் பயப்படுவாங்க? நீங்களே சொல்லுங்க. பதில் இருந்தா ரெண்டு என்ன, பத்துக் கயிறு கட்டுங்க.”

மாஸ்டர் விளிம்புக்குப் போனார். பள்ளத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

“நீ அந்த ஆட்டத்தை ஆடியிருக்கியா?”

“ரெண்டு வருஷமா அதே பொழப்பு.”

“அவ விழுந்தா என்னா பண்ணுவ?”

“திரும்ப ஆரம்பிப்பேன்.”

“அதுக்கு முன்னாடி?”

தணிகை யோசித்தான். “கன்ட்ரோலரைக் கீழ வைப்பேன். டீ குடிச்சிட்டு வருவேன்.”

“சரி,” என்றார் மாஸ்டர். “யமுனா, பெல்ட்டைக் கழட்டு.”

கழற்றியதைத் தன் இடுப்பில் மாட்டி இறுக்கினார். ஒற்றைக் கயிற்றைக் கொக்கியில் கோத்தார். அங்கிருந்த கல்தூணில் அதை இரண்டு சுற்றுச் சுற்றி, மறுமுனையைத் தணிகையின் கையில் திணித்தார். வழக்கமாகப் பிடிக்கும் நால்வரையும் தள்ளி நிற்கச் சொன்னார்.

“மாஸ்டர், வேணாம். உங்க வயசுக்கு…”

“ஏன், அவ வயசுக்கு உசுரு ரெண்டு குடுத்திருக்கா?”

போகிற போக்கில் கேமராமேன் இஸ்மாயிலின் காதில் ஏதோ சொன்னார். மதில் விளிம்பில் செருப்பைக் கழற்றிவிட்டார். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

பாய்ந்தார்.

கயிறு தூணைச் சுற்றிச் சீறியது. தணிகையின் உள்ளங்கைக்குள் நெருப்பு ஓடியது. கயிறு அவனை முன்னால் இழுத்துக்கொண்டு போனது. ஒரு கல்லில் கால் முட்டி அவன் நின்றான். கயிறும் நின்றது.

கீழே என்ன ஆயிற்று என்று பார்க்க வழியில்லை. மதில் மறைத்தது. ஓரடி முன்னால் வைத்தால் கயிறு ஓரடி இறங்கிவிடும்.

“மாஸ்டர்!”

பதில் இல்லை.

கயிறு இடமும் வலமும் மெதுவாக ஆடியது. ஆட்டுவது காற்றா, ஆளா, தெரியவில்லை.

“மாஸ்டர், அடிபட்டுச்சா? ஏதாவது சொல்லுங்க!”

நால்வரில் ஒருவர் பொறுக்கமாட்டாமல் ஓடி வந்தார். “விடுங்க சார், நாங்க பிடிக்கிறோம்.”

கைமாறும்போது நழுவிவிட்டால்?

“யாரும் தொடாதீங்க!” என்று தணிகை கத்தினான். அவன் குரலே அவனுக்குப் புதிதாக இருந்தது.

யமுனா குப்புறப் படுத்து விளிம்புக்கு அப்பால் எட்டிப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்தாவது ஏதாவது தெரியுமா என்று தணிகை காத்திருந்தான். அவள் திரும்பவில்லை. கண்ணுக்குள் வியர்வை இறங்கியது. துடைக்கக் கை இல்லை. கயிறு பிசுபிசுத்தது. அது ரத்தம் என்று அவனுக்குத் தெரிந்தது. பிடி வழுக்கிவிடக் கூடாதே என்பதைத் தவிர வேறு நினைப்பு வரவில்லை.

அப்போது கீழேயிருந்து குரல் வந்தது. நிதானமான குரல்.

“தணிகை… போய் டீ குடிச்சிட்டு வரியா?”

யாரும் சிரிக்கவில்லை. தணிகை கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

“போதும். இழுங்கடா,” என்றார் மாஸ்டர்.

நால்வரும் பாய்ந்து கயிற்றைப் பற்றினார்கள். மாஸ்டர் மதிலேறி வந்து செருப்பை மாட்டிக்கொண்டார். பெல்ட்டைக் கழற்றினார். அதற்குப் பிறகும் தணிகை கயிற்றை விடவில்லை. விரல்கள் விரியவில்லை. மாஸ்டர்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

“எடுத்தியா பாய்?” என்று இஸ்மாயிலைக் கேட்டார்.

“எடுத்தேன் மாஸ்டர். நீங்க சொன்ன மாதிரி உங்க பக்கம் திருப்பவே இல்லை.”

கேமரா தன்னைப் பார்த்து நிற்பதைத் தணிகை அப்போதுதான் கண்டான்.

மாஸ்டர் ஒரு பாட்டில் தண்ணீரைத் திறந்து அவன் உள்ளங்கைகளைக் கழுவத் தொடங்கினார். எரிந்தது. கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவன், பிறகு மெல்லக் கேட்டான்.

“ஆனா மாஸ்டர், ஆட்டத்துல நீலி தனியாத்தானே போவா? கயிறும் கிடையாது, கயிறு பிடிக்க ஆளும் கிடையாது. ஆடுனவங்க சண்டைக்கு வர மாட்டாங்களா?”

மாஸ்டர் தலை நிமிரவில்லை.

“அப்போ ரெண்டு வருஷமா அவளைக் கையில வெச்சிக்கினு இருந்தது யாருடா?”

தணிகை தன் உள்ளங்கைகளைப் பார்த்தான்.

யமுனா மறுபடி பாயவில்லை. அன்று மாலையே மாஸ்டர் சென்னைக்கு வண்டி ஏறினார். அந்தப் பாய்ச்சல் ஒன்றுதான் பாக்கியிருந்தது; அதுவும் இல்லை என்றானபின் படத்தில் அவருக்கு மேற்கொண்டு வேலை இல்லை. மழை பிடித்த பிறகு காய்ச்சலில் படுத்தார். தணிகைக்குச் செய்தி எட்டியபோது காசிமேட்டில் அடக்கம் முடிந்திருந்தது.

படத்தில் நீலி பாய்வது தெரியாது. அவள் மதிலைத் தாண்டி மறைந்ததும் கயிறு பிடித்த இரண்டு கைகள் மட்டும் திரையில் வெகுநேரம் இருக்கும். அவை எந்த நடிகருடைய கைகளும் அல்ல.