மருத மரத்துக் கீழ்வீடு

குளக்கரை மருத மரத்தில் செவ்வந்தி என்ற மரங்கொத்தி வாழ்ந்தது. சென்ற ஆண்டு அது கொத்திய பொந்து கீழே காலியாகக் கிடந்தது. குஞ்சுகள் பறந்துபோன பிறகு அதற்குள் காற்று மட்டுமே வந்து போயிற்று. இந்த ஆண்டு மேலே புதுப் பொந்து கொத்தி, அதில் மூன்று முட்டைகள் இட்டிருந்தது.

"கீழ்வீட்டை வாடகைக்கு விட்டால் பேச்சுத் துணையாவது கிடைக்கும்" என்று செவ்வந்தி நினைத்தது.

வீட்டுக்காரி ஆவது அதற்கு இதுதான் முதல் தடவை. யாருக்கு விடுவது? என்ன கேட்பது? யோசித்து யோசித்து மூன்று கேள்விகளைத் தயார் செய்தது.

முதலில் மங்காத்தா என்ற மைனா தன் கணவனோடு வந்தது.

"எத்தனை பேர்?"

"நாங்கள் இரண்டு பேர். பிறகு பிள்ளைகள், என் தங்கை குடும்பம், இவர் அண்ணன் குடும்பம்..."

"சத்தம் போடுவீர்களா?"

"மைனாவைப் பார்த்து இதைக் கேட்கலாமா, அக்கா!"

"சுவரில் ஆணி அடிப்பீர்களா? அடிக்கக் கூடாது!"

மங்காத்தா விழுந்து விழுந்து சிரித்தது. "ஊர் மரத்தையெல்லாம் ஓட்டை போடுவது நீ! ஆணி அடிக்கக் கூடாதது நாங்களா?"

செவ்வந்திக்குக் கொண்டை சிலிர்த்தது. "வீடு இல்லை, போ!" என்றது.

அடுத்து நீளப்பன் என்ற சாரைப்பாம்பு வந்தது. அதனிடமும் செவ்வந்தி அதே மூன்று கேள்விகளைக் கேட்டது.

"நான் தனி ஆள் அம்மா. வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். ஆணியா? எனக்குக் கையே இல்லையே!"

ஆகா, எவ்வளவு அடக்கம்! "முன்பு எங்கே இருந்தீர்கள்?" என்று செவ்வந்தி மரியாதையாகக் கேட்டது.

"வரப்பு மேட்டில், எலியார் வீட்டில். போன வாரம்தான் காலி செய்தேன்."

"சரி, நாளைக் காலையில் பால் காய்ச்சிக் குடி வந்துவிடுங்கள்!"

போகும்போது நீளப்பன் திரும்பிப் பார்த்தது. "மேல்வீட்டில் எத்தனை முட்டை அம்மா?"

குடி வருகிறவனுக்கு அது எதற்கு? அந்தக் கேள்வி செவ்வந்தியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. எந்தக் கிளையையும் தட்டிப் பார்க்காமல் அது உட்கார்ந்ததில்லை. இந்தப் பேச்சை மட்டும் தட்டாமல் விட்டுவிட்டதே!

விடிந்ததும் வரப்பு மேட்டுக்குப் பறந்தது. எலி வளையின் வாசலில் டொக் டொக் என்று தட்டியது. பதில் இல்லை.

பக்கத்து வளையிலிருந்து ஒரு நண்டு எட்டிப் பார்த்தது. "யாரைத் தேடுகிறாய்?"

"எலியாரை. அவர் வீட்டை நீளப்பன் காலி செய்துவிட்டாராமே?"

"காலி செய்தான், உண்மைதான்! வீட்டை அல்ல, வீட்டுக்காரரை!"

செவ்வந்தி அம்பாக மருத மரத்துக்குத் திரும்பியது. நீளப்பன் கீழ்வீட்டு வாசலைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தது!

"மங்காத்தா! சத்தம் போடு!"

எதிர்மரத்தில் இருந்த மங்காத்தா கழுத்தைச் சாய்த்தது. "சத்தம்தான் உனக்கு ஆகாதே, அக்கா?"

"ஐயோ, பாம்பு! என் முட்டைகள்!"

அவ்வளவுதான்! மங்காத்தா கத்திய கத்தலில் குளம் அதிர்ந்தது. தங்கை குடும்பம் வந்தது, அண்ணன் குடும்பம் வந்தது. நாற்பது அலகுகள் நீளப்பனைச் சூழ்ந்துகொண்டன. செவ்வந்தி அதன் நடுமண்டையில் ஓங்கி ஒரு கொத்துக் கொத்தியது. பிடி நழுவியது. தொப்பென்று குளத்தில் விழுந்த பாம்பு, அக்கரை ஏறித் திரும்பிப் பாராமல் ஓடியது!

மேலே மூன்று முட்டைகளும் பத்திரமாக இருந்தன. ஒன்றில் மெல்லிய விரிசல். உள்ளிருந்து ஒரு குஞ்சு டொக் டொக் என்று தட்டியது!

அன்றே கீழ்வீட்டில் மைனாக்கள் குடியேறின.

"வாடகை என்ன அக்கா?" என்றது மங்காத்தா.

"தினமும் இப்படியே கத்த வேண்டும்!"

"ஆணி?"

"எத்தனை வேண்டுமானாலும் அடி! ஓட்டையை நானே போட்டுத் தருகிறேன்!"

குடி வருகிறவரின் இனிய பேச்சைக் கேட்டு வீட்டைக் கொடுக்கும் முன், அவர் விட்டு வந்த வீட்டின் கதவைத் தட்டிப் பார்க்க வேண்டும்.